நெருப்புக்குத் தப்பிய பாட்டு

அரண்மனைகளில் பிறந்தநாள் வாழ்த்துக்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கவிகள் பாடினார்கள், பிரபுக்கள் கேட்டு மகிழ்ந்தார்கள், மறுநாளே இரு தரப்பாரும் மறந்தார்கள். அப்படி மறந்துபோன வாழ்த்து ஒன்றின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜர்மனியில் வைமார் என்று ஒரு சிறு சமஸ்தானம். 1713-ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் பிரபு வில்ஹெல்ம் எர்ன்ஸ்டுக்குப் பிறந்தநாள். எல்லாம் கடவுளோடுதான், அவரின்றி எதுவும் இல்லை என்பது அவர் வரித்துக்கொண்ட வாக்கு. அதையே பொருளாக வைத்து, மிலியுஸ் என்ற பாதிரியார் 12 செய்யுட்கள் இயற்றினார். அச்சான அந்த ஏட்டின் கடைசியில் இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அரண்மனை ஆர்கன் வித்வான் அவற்றில் தம் கையாலேயே மெட்டை எழுதினார். அவருக்கு அப்போது வயது 28. பெயர் ஜோஹான் செபாஸ்டியன் பாஹ்.

ஸொப்ரானோ என்னும் மேல் ஸ்தாயிக் குரல் ஒன்று தனியே பாடும். கீழே துணைக்கு மந்தர ஸ்தாயி வாத்தியம் மட்டும். செய்யுள் முடிகிற இடத்தில்தான் இரண்டு பிடில்களும் ஒரு வியோலாவும் வந்து சேர்கின்றன. குரல் சொன்னதை அவை நிதானமாக அசைபோட்டு முடித்த பிறகு, அடுத்த செய்யுள். எளிமையான ஏற்பாடு. ஆனால், பிடில்கள் எப்போது வரும் என்று என் காது ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறது.

வாழ்த்துப் பெற்ற அதே பிரபு, 1717-இல் பாஹைக் காவலில் வைத்தார். வேறு சமஸ்தானத்தில் வேலை தேடிக்கொண்டு, விடுவிக்கும்படி பிடிவாதம் பிடித்ததுதான் குற்றம்! நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை சிறை. பிறகு அவமதிப்போடு விடுதலை. மனிதர் போய்விட்டார். பாட்டு மட்டும் வைமாரிலேயே தங்கிவிட்டது, சங்கீதமாக அல்ல, பிரபுவுக்கு வந்த வாழ்த்துக் காகிதங்களில் ஒன்றாக.

2004 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு, வைமாரின் அன்னா அமாலியா நூலகத்தில் தீப்பிடித்தது. ஏறக்குறைய 50,000 நூல்கள் சாம்பலாயின. சீமாட்டி அன்னா அமாலியா சேர்த்துவைத்த இசை ஏடுகளிலும் பெரும்பகுதி போயிற்று. வாழ்த்துக் காகிதங்கள் இருந்த பெட்டியோ அன்று வேறோர் இடத்தில் இருந்ததால் பிழைத்தது.

அடுத்த ஆண்டு மே மாதம், மைக்கேல் மௌல் என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் பெட்டியைத் திறந்தார். பாஹைப் பற்றிய தடயங்களுக்காகப் பழைய காகிதங்களைப் பொறுமையோடு புரட்டி வந்தவர் அவர். கடைசி இரண்டு பக்கங்களின் கையெழுத்து, எழுதியவர் யார் என்பதைக் காட்டிக் கொடுத்தது. 1935-க்குப் பின் பாஹின் புதிய வாய்ப்பாட்டு எதுவும் அதுவரை கிடைத்திருக்கவில்லை.

இதன் அருமை தெரிந்த யாராவது முன்பே இதை இசை ஏடுகளோடு சேர்த்து வைத்திருந்தால், அவற்றோடு இதுவும் எரிந்திருக்கக் கூடும். சங்கீதம் என்று யாரும் அறியாததே அதற்குக் காப்பாயிற்று. பிரபுவின் புகழுக்காகப் பாதுகாத்த காகிதம் அது. இன்று அவர் பெயரை நாம் சொல்லுகிறோம் என்றால், அதற்குக் காரணம் அந்தக் கடைசி இரண்டு பக்கங்கள்தாம்.