கறைப்பல்: நோயா, அழகா?

என் பள்ளிக்காலப் படங்கள் எதிலும் நான் பல் தெரியச் சிரித்ததில்லை. பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் சிரித்தால் தாவணி முனையோ உள்ளங்கையோ தானாக வாய்க்கு முன்னால் வந்து நிற்கும். வெளியூரிலிருந்து வந்த டீச்சர்கள் அதை அடக்கம் என்று மெச்சினார்கள். நாங்கள் மறைத்தது பல்லை. முன்பற்களில் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைத் திட்டு, அதன்மேல் டீக்கறை மாதிரிப் பழுப்பு. என் தம்பிக்கும் அதே பல்தான். அவன் வாயை மூடிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

2009இல் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்கள் போன பிறகு தரகர் அம்மாவிடம், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. பல்லுக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணுங்கக்கா" என்றார். அடுத்த வாரமே பக்கத்து நகரத்தில் ஓர் அழகு நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பல்லில் சொத்தை இருக்கிறதா, இந்தக் கறை எதனால் வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு குழலிலிருந்து ஜெல்லைப் பிதுக்கி, அச்சுத்தட்டில் வைத்து, பல்லோடு அழுத்தினார்கள். அந்தக் குழலில் என்ன இருந்தது, எத்தனை சதவீதம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அரைமணி நேரத்தில் ஈறு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது ஈறின் ஓரம் வெந்து வெளுத்திருந்தது. பத்து நாள் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத கூச்சம். பழுப்பு கொஞ்சம் மங்கியது உண்மை. ஆனால் அடியில் இருந்த வெள்ளைத் திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. அந்த வரன் அமையவில்லை. பல்தான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு நான் வரலாறு படித்து, வரலாறு சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்தேன். என் பல்லுக்கு நடந்ததையும் வரலாறாகப் படிக்க வேண்டும் என்று தோன்ற நாளாயிற்று. படித்ததில் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பல்லின் நிறத்துக்கு யார் அதிகாரி?

என் ஆயாவுக்கு வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் சிவந்து கறுத்திருந்தது. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. பல் வெள்ளையாக இருந்தால்தான் அழகு என்பது எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் பொதுவான விதி கிடையாது. ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக மணமான பெண்கள் இரும்புக் கரைசலால் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். ஒஹகுரோ என்று அதற்குப் பெயர். கறுத்த பல்தான் அங்கே அழகும் மரியாதையும். மெய்ஜி அரசு 1870இல் உயர்குடியினர் பல்லைக் கறுப்பாக்குவதைத் தடை செய்தது. 1873இல் பேரரசி வெண்பற்களுடன் பொதுவில் தோன்றினார். மேற்கத்திய நாடுகளின் கண்ணுக்கு நாகரிகமாகத் தெரிய வேண்டும் என்பது அரசின் கவலை. பெண்கள் பல்லைக் கறுப்பாக்கியதும் பிறகு வெள்ளையாக விட்டதும் ஊரும் அரசும் விரும்பியபடிதான் நடந்தன. எங்கள் ஊர்த் தரகரும் அந்த வரிசையில் ஓர் ஆள்.

தண்ணீரில் இருந்த கறை

என் பல்லுக்குக் கறை வந்தது வெற்றிலையாலோ டீயாலோ அன்று. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடால். குழந்தைக்கு ஏறக்குறைய எட்டு வயதாகும்வரை நிரந்தரப் பற்களின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வருடங்களில் குடிக்கும் நீரில் ஃபுளோரைடு அதிகமிருந்தால் எனாமல் சரியாக இறுகாது. பல் முளைக்கும்போதே திட்டுகளோடு முளைக்கும், பிறகு பழுப்பேறும். இதற்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5வரை அனுமதிக்கிறது. பெண் பார்க்க வரும் வயதில் எந்தப் பல்பொடியைத் தேய்த்தாலும் போகாத கறை அது. அதன் காரணம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் பல் மருத்துவராகப் போன ஃப்ரெடரிக் மெக்கே, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்கள் பழுப்பாக இருப்பதைப் பார்த்தார். காரணம் தேடி முப்பது வருடம் அலைந்தார். 1931இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில், ஆர்கன்ஸா மாநிலத்தின் பாக்ஸைட் என்ற ஊரின் தண்ணீரைச் சோதித்து, அதில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதைக் கண்டார். ஆறே வருடத்தில், 1937இல், சென்னை மாகாணத்தில் நெல்லூர் வட்டாரத்தில் இதே நோய் பரவியிருப்பதை ஷார்ட் என்ற மருத்துவரும் சகாக்களும் ஆய்வேட்டில் எழுதினார்கள். பல்லில் கறை மட்டுமில்லாமல் முதுகெலும்பும் மூட்டும் இறுகிப்போனவர்களையும் அவர்கள் பார்த்தார்கள். அதாவது, நான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே எங்கள் மாகாணத்தில் இது அச்சில் வந்துவிட்ட செய்தி.

அமிலமும் குழாயும்

கொலராடோ கறைக்கு மனிதர்கள் இரண்டு வழி கண்டார்கள்.

ஒன்று, பல்லை மாற்றுவது. அதே கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1916இல் வால்டர் கேன் என்ற பல் மருத்துவர் 18 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பல்லில் தடவிக் கறையை நீக்கினார். அமிலம் எனாமலின் மேல்தோலைக் கரைக்கும், அதோடு கறையும் போகும். தேர்ந்த கையில் அது ஒரு சிகிச்சை முறை. ஆனால் அமிலம் கலந்த பல் வெளுப்பான்கள் கடைச் சரக்காகவும் விற்றன. அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டத்தில் அழகுசாதனங்கள் சேரவே இல்லை. அழகு பெண்களின் வீண் ஆசை, அதில் அரசுக்கு என்ன வேலை என்ற எண்ணம். 1933 வாக்கில் லாஷ் லூர் என்ற இமைச் சாயம் பெண்களின் கண்ணைக் குருடாக்கியது. அதைச் சட்டப்படி கடையிலிருந்து எடுக்க அரசால் முடியவில்லை. மகளிர் மன்றங்களும் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கமும் வருடக்கணக்கில் போராடின. அரசுத் துறையில் வேலை பார்த்த ரூத் டிஃபாரஸ்ட் லாம்ப் 1936இல் இந்தக் கொடுமைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். 1938இல்தான் அழகுசாதனங்களும் சட்டத்துக்குள் வந்தன. பெண்கள் கேட்டு வாங்கிய சட்டம் அது.

மற்றொன்று, தண்ணீரை மாற்றுவது. ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூரில் ஐந்து மைல் தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து பொதுக்குழாய் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் பிள்ளைகளின் பற்கள் பழுப்பாயின. குழாயையும் கறையையும் முடிச்சுப்போட்டுப் பார்த்தவர்கள் பெற்றோர்கள்தான். 1923இல் மெக்கே அங்கே போனார். எந்தப் பொருள் கெடுக்கிறது என்று அவருக்கும் அப்போது தெரியாது. ஆனாலும், இந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்குப் போங்கள் என்றார். ஊரார் அப்படியே செய்தார்கள். சில வருடங்களில் சிறு பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன.

இந்த ஓக்லி கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேதியியல் தெரியாமல், ஃபுளோரைடு என்ற பெயர் தெரியாமல், பிள்ளைகளின் பல்லைப் பார்த்தே ஒரு ஊர் தண்ணீரை மாற்றியிருக்கிறது. எங்கள் ஊரில் அடிபம்பு அப்படியே இருந்தது. மாறச் சொன்னது என் பல்லை.

சட்டம் யாரைக் காத்தது?

இன்றைய பல் வெளுப்பு அமிலத்தால் நடப்பதில்லை, பெராக்ஸைடால் நடக்கிறது. 1968இல் ஆர்கன்ஸாவில் ஒரு பல் சீரமைப்பு மருத்துவர், ஈறுப் புண்ணுக்காக 10 சதவீத கார்பமைடு பெராக்ஸைடு உள்ள கிருமிநாசினியை ஒருவரின் பல் தட்டில் விட்டுக் கொடுத்தார். புண் ஆறியது, பல்லும் வெளுத்தது. 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இருவர் இதை முறையாக எழுதி வெளியிட, அது பெருவணிகமானது. 10 சதவீத கார்பமைடு பெராக்ஸைடு என்றால் அதில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஏறக்குறைய 3.5 சதவீதம். மருத்துவமனைகளில் 35 சதவீதத்துக்கு மேலும் ஈறை மூடிப் பாதுகாத்துக்கொண்டு பயன்படுத்துகிறார்கள். அதே வீரியம் பாதுகாப்பில்லாத ஈறில் பட்டால் என்ன ஆகும் என்பதை என் ஈறு அறியும்.

ஐரோப்பாவில் பல் வெளுப்பானை அழகுசாதனம் என்று வகைப்படுத்தி, அதில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். 0.1 சதவீதத்தில் பல் வெளுக்காது. இது மருத்துவப் பொருள், அழகுசாதனமில்லை என்று ஒரு நிறுவனம் வழக்காட, 2001இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அழகுசாதனமே என்று தீர்ப்பளித்தது. அதன்படி பார்த்தால், அதற்கு மேல் வீரியமான பொருளைப் பயன்படுத்திய பல் மருத்துவர்களும் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் விதியை மாற்றியது. 2012 அக்டோபர் 31 முதல் 0.1 சதவீதம்வரை யாரும் விற்கலாம். அதற்கு மேல் 6 சதவீதம்வரை பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம். அவர் வாயைச் சோதித்து, முதல் தடவை அவர் கையாலோ அவர் மேற்பார்வையிலோ தொடங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே கூடாது.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கதை வேறு. அங்கே கடைவளாகங்களிலும் அழகு நிலையங்களிலும் குறைந்த விலையில் பல் வெளுப்பு தொடங்கியதும், மாநிலப் பல் மருத்துவ வாரியம் "நிறுத்துங்கள்" என்று குறைந்தது 47 கடிதங்கள் அனுப்பியது. வாரியத்தின் எட்டு உறுப்பினர்களில் ஆறு பேர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வாரியத்துக்கு வந்த புகார்களில் உடல்நலக் கேடு பற்றியவை மிகக் குறைவு, பெரும்பாலானவை விலை குறைவாக இருப்பதைப் பற்றிய மருத்துவர்களின் புகார்கள் என்பதைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. 2015இல் 6-3 என்ற கணக்கில் வாரியம் தோற்றது. தொழில் போட்டியாளர்களே அமர்ந்திருக்கும் வாரியம் அரசின் கண்காணிப்பில்லாமல் போட்டியை ஒடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

இந்த இரண்டு கதைகளையும் வகுப்பில் சொன்னால் மாணவிகள் உடனே கேட்பார்கள்: "அப்ப பார்லர்ல செய்யலாமா, கூடாதா மேம்?" கூடாது என்றுதான் நான் சொல்வேன். பல்லில் சொத்தையோ விரிசலோ இருந்தால் பெராக்ஸைடு உள்ளே இறங்கி நரம்பைத் தொடும். அடைத்த பல்லும் போட்ட பல்லும் வெளுக்காமல் நிறம் பிரிந்து தெரியும். ஃபுளோரோசிஸ் திட்டுக்கு வேறு சிகிச்சை முறைகள் உண்டு. இதையெல்லாம் பார்த்துச் சொல்லப் படித்தவர் வேண்டும். ஆனால் அழகு நிலையத்தில் எனக்கு ஜெல் போட்ட பெண்ணை நான் குற்றவாளியாக நினைக்கவில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் பல்லும் பழுப்புதான். முகக்கவசத்தைக் கழற்றியபோது பார்த்தேன்.

நோய் என்ற சொல்

ஐரோப்பிய விதியில் ஒரு சிக்கல் முளைத்தது. நோயாலோ குறைபாட்டாலோ பல் கறுத்த பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன செய்வது? முழுக்க முழுக்க நோயைத் தீர்க்கவோ தடுக்கவோ என்றால் 18 வயதுக்குக் கீழும் செய்யலாம் என்று பிரிட்டனின் பல் மருத்துவ மன்றம் விளக்கம் சொன்னது. ஆக எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. என் பல்லில் இருந்தது நோயா, அழகுக் குறைவா?

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் அழகுசாதனம் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நுழைந்தது. தூய்மைக்கோ அழகுக்கோ தோற்றத்தை மாற்றவோ உடலில் பூசும் பொருள் என்று அதன் வரையறை போகிறது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல்லிலும் தாடையிலும் உள்ள நோய், குறைபாடு, புண் ஆகியவற்றுக்குச் சிகிச்சை செய்வதைப் பதிவு பெற்றவர்களுக்கு ஒதுக்கியது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் இருந்தது. கறையை அழகுக் குறைவு என்று வைத்துக்கொண்டால் பொறுப்பு முழுக்க என்னுடையது, செலவு அப்பாவுடையது. நோய் என்று சொல்லிவிட்டால், அந்தத் தண்ணீரைக் கொடுத்தது யார் என்ற கேள்வி எழும்.

எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு அரசு ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரில் குடிநீர் வழங்கலோடு "புளோரோசிஸ் பாதிப்பு குறைப்பு" என்பதும் இருக்கிறது. கோப்பில் அது நோய்தான். பெண் பார்க்கும் கூடத்தில் மட்டும் அது லட்சணக் குறைவு ஆகிவிடுகிறது.

என் தம்பி மகளுக்கு இப்போது ஒன்பது வயது. காவிரித் தண்ணீர் வரும் தெருவில் பிறந்தவள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது புதிதாக முளைத்த முன்பல் இரண்டையும் காட்டி, "அத்தை, பாரு" என்று வாயை அகலத் திறந்தாள். வெள்ளையாக இருந்தன. பக்கத்தில் நின்ற அவள் தோழி வாயைத் திறக்கவில்லை. அவள் வீடு ஊருக்கு மேலே கொட்டாயில். அங்கே குழாய் வராத நாட்களில் போர் தண்ணீர்தான். அவள் கை அதற்குள் வாய்க்கு முன்னால் வந்திருந்தது.