கோத்தா: சிலாங்கூரின் குன்றுக் கோட்டைகளும் ஊர்ப்பெயர்களும்

கோத்தா என்பது கோட்டையையும் நகரத்தையும் ஒருங்கே குறிக்கும் மலாய்ச் சொல். சமற்கிருதத்தின் 'கோட்ட' வழியாக மலாய்க்கு வந்த இச்சொல்லின் வேர் திராவிடம் என்பது தாமஸ் பரோ உள்ளிட்ட மொழியியலார் கருத்து. தமிழில் 'கோட்டை' இதன் உறவுச்சொல். 'கோடு' என்னும் பழஞ்சொல்லுக்கு மலையுச்சி என்றும் அரண் என்றும் பொருள் உண்டு. திருச்செங்கோட்டின் பெயரில் அது மலையாகவே நிற்கிறது. கிளந்தானின் தலைநகர் கோத்தா பாருவும் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையும் பொருளளவில் ஒரே பெயர்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் வரலாறும் ஒன்றாகிவிடாது. கோத்தா என்று கேட்டதும் மதிலுக்குள் மக்கள் குடியிருந்த ஊரையே நாம் எண்ணிக்கொள்கிறோம். சிலாங்கூரின் சான்றுகளோ வேறு திசையில் கை காட்டுகின்றன. இங்கே குன்றின்மேல் கோட்டை எழுந்தது ஆற்றில் வசூலான சுங்கத்துக்காக.

சிலாங்கூரின் கோட்டைகள்

கோலசிலாங்கூரின் மெலாவாத்திக் குன்று இதற்கு முதல் சான்று. சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தை மேலிருந்து பார்க்கும் அந்தக் குன்றில் சுல்தான் இப்ராகிம் கோட்டை வைத்திருந்தார். 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் பகாங்கின் துணையோடு அதை மீட்டார். டச்சுக்காரர்களை அங்கே இழுத்தது வெள்ளீயம். உள்நாட்டில் தோண்டிய ஈயம் படகில் ஏறிக் கழிமுகத்தைத் தாண்டாமல் கடலுக்குப் போக வழியில்லை. கழிமுகத்தைக் கட்டிக்காத்தவருக்கே அதன் வரி. அதே குன்றில் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. கப்பல் வருவதைத் தொலைவிலேயே காண்பதற்கு ஏற்ற மேடு என்பதே கோட்டையும் விளக்கும் அங்கே அமைந்ததற்குப் பொதுக் காரணம்.

கிள்ளானின் கதை இன்னும் தெளிவானது. 1857இல் கிள்ளானை நிர்வகித்த ராஜா அப்துல்லா அங்கே ஈயமும் அரிசியும் வைக்கும் கிடங்கு ஒன்றைக் கட்டினார். கெடோங் ராஜா அப்துல்லா என்று அது இன்றும் வழங்குகிறது. அதே ஆண்டு அவர் ஆற்றின் மேல்பகுதிக்கு அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் அம்பாங் பக்கம் ஈயம் தேடிப் போனார்கள். கோலாலம்பூரின் தொடக்கம் அதுவே. ஈயம் கீழே இறங்கி வர, கிள்ளான் வாயிலின் வருமானம் பெருகியது. 1866இல் ராஜா அப்துல்லா வரி வசூலைச் சிங்கப்பூர் வணிகர்களான ரீட், டான் கிம் செங் இருவருக்கும் குத்தகைக்கு விட்டார். அந்த வரியை எதிர்த்த ராஜா மஹ்டி அரச குடும்பத்தவர். அவருடைய தந்தை முன்பு கிள்ளானை ஆண்டவர். தமக்கு வரி பொருந்தாது என்று அவர் மறுத்ததிலிருந்து மூண்டதே 1874 வரை நீடித்த கிள்ளான் போர். கிள்ளானைப் பிடித்த ராஜா மஹ்டி, ஆற்றோரக் குன்றில் மண் அரண் அமைத்தார். மாதம் 500 வெள்ளி செலுத்தும்படி சுல்தான் அப்துல் சமாட் கேட்டிருந்தார். ராஜா மஹ்டி செலுத்தாததால் அவர்கள் உறவும் முறிந்தது. 1870இல் எதிரிகளின் முற்றுகையைத் தாங்க முடியாமல் கிள்ளானைவிட்டு வெளியேறியவர் நேராகப் போய்ப் பிடித்தது கோலசிலாங்கூரை. ஓர் ஆற்றின் வாயில் கைவிட்டுப் போனதும் அவர் தேடியது இன்னோர் ஆற்றின் வாயிலையே. அவர் அரணில் இன்று எஞ்சியிருக்கும் முக்கியப் பகுதி அதன் நுழைவாயில்.

இத்தாலிய ஒப்பீடு

சிலாங்கூர்க் கோட்டைகளின் தனித்தன்மை இத்தாலியோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். காஸ்டெல் கான்டோல்ஃபோ, ரோக்கா தி பாப்பா என ரோமைச் சுற்றியுள்ள மலையூர்களின் பெயர்களிலேயே கோட்டை இருக்கிறது. காஸ்டெல், ரோக்கா இரண்டும் அரணைக் குறிப்பவை. 10ஆம் நூற்றாண்டு முதல் நிலப்பிரபுக்கள் சிதறிக் கிடந்த உழவர் குடும்பங்களைக் குன்றின்மேல் மதிலுக்குள் கூட்டிக் குடியேற்றியதால் இத்தகைய ஊர்கள் தோன்றின என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பியேர் தூபேர் 1973இல் வெளியான ஆய்வில் நிறுவினார். இதற்கு இன்காஸ்டெல்லமென்டோ என்று பெயர். அங்கே பிரபுவின் செல்வம் நிலம். நிலத்தை உழ ஆள் வேண்டும். ஆளைக் கட்டிவைக்கக் கோட்டை வேண்டும். அதனால் கோட்டையே ஊரானது. சிலாங்கூரில் காடு பரந்திருந்தது, ஆள் குறைவு, பிடிக்காத தலைவனைவிட்டுப் படகேறிப் போவதும் எளிது. மதில் கட்டி மக்களை நிறுத்திவைக்க முடியாத நாட்டில், ஓடும் சரக்கை நிறுத்திவைப்பதே ஆட்சியின் வழியானது.

மறுப்புகள்

கல்லால் ஆன இத்தாலியக் கோட்டையோடு மண்ணும் மரமுமான மலாய் அரணை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். டஸ்கனியின் மொன்டரென்டியில் நடந்த அகழாய்வு இதற்கு விடை தருகிறது. கற்கோட்டைக்கு முன்பே அந்தக் குன்றில் மரத்தாலான குடியிருப்பு இருந்ததை அது காட்டியது. இத்தாலியிலும் கல் பிந்தி வந்ததுதான். அதே அகழாய்வு தூபேரின் காலக்கணக்கையும் அசைத்தது. பிரபுக்கள் வருமுன்பே மக்கள் குன்றேறியிருந்தார்கள் என்றால், கோட்டைதான் ஊரை உண்டாக்கியது என்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அது நம் ஒப்பீட்டை வலுவாக்கவே செய்கிறது: முந்தியது எதுவானாலும் அங்கே குன்றின்மேல் மக்கள் வாழ்ந்தார்கள். கிள்ளானில் மக்கள் ஆற்றங்கரையில் வாழ்ந்தார்கள். குன்றின்மேல் இருந்தவை காவலும் பீரங்கியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. மலாய்த் தலைவனின் பலம் அவனைச் சூழ்ந்த ஆட்களே, வரி இரண்டாம்பட்சம் என்பது அந்த வாதம். ஆட்கள் முக்கியம் என்பது உண்மை. கிள்ளானில் சுமத்ராவின் பத்து பாராவைச் சேர்ந்தவர்கள் ராஜா மஹ்டியின் பக்கம் சாய்ந்திராவிட்டால் அவர் வென்றிருப்பது கடினம். ஆனால் அந்த ஆட்களுக்குச் சோறும் வெடிமருந்தும் கொடுத்தது ஆற்று வரிதான். வாயிலை இழந்த தலைவனால் ஆட்களை நெடுநாள் வைத்திருக்க முடியாது. ஆட்பலமும் சுங்கமும் ஒன்றையொன்று தாங்கியவை; கோட்டை இரண்டையும் முடிச்சிட்ட இடம்.

மாறிய பொருள்

சுங்கமே காரணம் என்றால், ஆறு வழியாக வணிகம் நின்றதும் கோட்டையும் சாக வேண்டும். நடந்ததும் அதுதான். 1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ஈயம் தண்டவாளத்தில் ஏறிய பிறகு குன்றின்மேல் காவலிருப்பவனுக்கு வேலையில்லை. சொல்லோ சாகவில்லை. 1844இல் கோத்தா பாரு தலைநகராக அமைக்கப்பட்டபோது கோட்டை என்ற பொருள் உயிரோடு இருந்தது. 1967இல் சபாவின் ஜெசல்டனுக்குக் கோத்தா கினபாலு என்று பெயரிட்டபோது நகரம் என்ற பொருளே முன்னின்றது. தலைநகரை 'இபு கோத்தா' என்பதும் இப்பொருளில்தான். கோத்தா கெமுனிங், கோத்தா டாமான்சாரா போன்ற வீடமைப்புப் பகுதிகளில் அரண் எதையும் தேட வேண்டியதில்லை.

ஆகவே இப்பெயர்களைப் படிக்க ஒரு முறை வேண்டும். ரயிலுக்கு முந்திய கோத்தா என்றால் அது எந்த ஆற்றின் வாயில், அங்கே யார் வசூலித்தார்கள் என்று பார்க்க வேண்டும். ரயிலுக்குப் பிந்தியது என்றால் யார் அந்தப் பெயரைச் சூட்டினார்கள், எதற்காக என்று பார்க்க வேண்டும். கிள்ளானில் ராஜா மஹ்டியின் வாயிலும் அவர் எதிரியின் ஈயக் கிடங்கும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்து வருபவருக்கு, கோட்டை எதைக் காத்தது என்பதைக் கிடங்கே சொல்லிவிடும்.