கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சினும் அண்ணாச்சி மெஸ் டின்னும்

பயோடீசல் என்றதும் ஏதோ நேற்று கண்டுபிடித்த சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே ஒரு சின்ன டீசல் எஞ்சின் வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது. ஓட்டிக் காட்டியது ஓட்டோ கம்பெனி. இதை ருடால்ஃப் டீசலே பின்னாளில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு அரசின் ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளமாக விளைந்தது. எரிபொருளும் அங்கேயே கிடைத்துவிட்டால் கப்பலில் நிலக்கரி அனுப்ப வேண்டாமே என்ற கணக்குதான் காரணம். ஆக, பிறந்த அன்றிலிருந்தே இது காசுக் கணக்கின் கதை.

எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டினால் அதன் கெட்டித்தன்மையால் எஞ்சினில் கரி படியும். 1937-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷவான் என்பவர் பாமாயிலைச் சாராயத்தோடு வினைபுரிய வைத்து மெலிதாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பஸ் அதில் ஓடியது. இன்றைக்கும் ஏறக்குறைய அதே முறைதான். மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் மேலே பயோடீசல், அடியில் கிளிசரின். வடை சுட்டுச் சுட்டுக் கறுத்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். அதில் நேராகக் காஸ்டிக் சோடாவைப் போட்டால் டீசலுக்குப் பதில் சோப்புதான் வரும் :-) முதலில் அமிலத்தைக் குறைக்க வேண்டும். அதற்கும் செலவு.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே முதலில் எல்லோரும் பேசியது காட்டாமணக்கைப் பற்றித்தான். குடியரசுத் தலைவராக இருந்தபோது அப்துல் கலாம் பல மேடைகளில் அதைப் பற்றிப் பேசினார். 2006 ஜனவரி முதல் லிட்டர் 25 ரூபாய்க்கு எண்ணெய் நிறுவனங்கள் பயோடீசல் வாங்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. உற்பத்திச் செலவே அதைவிட அதிகம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். விதையும் எதிர்பார்த்த அளவு விளையவில்லை. 2009-ல் வந்த கொள்கை, 2017-க்குள் 20 சதவீதம் கலப்போம் என்றது. 2017 வந்தது, போனது. அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் பார்வை வாணலிப் பக்கம் திரும்பியது. 2018 ஜூலை 1 முதல், திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெயில் சேரும் 'போலார் காம்பவுண்ட்ஸ்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. அதே ஆகஸ்டில் பழைய எண்ணெயைத் திரட்ட 'ரூகோ' திட்டம் வந்தது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் 2019 மார்ச் முதல் கணக்கு வைக்க வேண்டும் என்றார்கள். 2019 ஆகஸ்டில் 100 நகரங்களுக்கு விலையும் அறிவித்தார்கள்: பயோடீசல் லிட்டருக்கு முதல் வருடம் 51 ரூபாய், அடுத்து 52.70, மூன்றாம் வருடம் 54.50.

அரசு சொன்ன மதிப்பீட்டின்படி, ஓட்டல்களிலிருந்தும் கேண்டீன்களிலிருந்தும் திரட்டக்கூடிய பழைய எண்ணெய் வருடத்துக்கு 140 கோடி லிட்டர். அதிலிருந்து 110 கோடி லிட்டர் பயோடீசல். அதாவது ஒரு லிட்டர் செய்ய சுமார் 1.27 லிட்டர் பழைய எண்ணெய் வேண்டும்.

இப்போது நாமே கணக்குப் போடலாம். பழைய எண்ணெய் லிட்டர் 30 ரூபாய்க்குக் கிடைத்தால் மூலப்பொருளுக்கே 38 ரூபாய் போய்விடும். மிச்சம் 13 ரூபாயில் மெத்தனால், மின்சாரம், கூலி, வண்டி வாடகை, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அதே எண்ணெய் 40 ரூபாய் ஆகிவிட்டால்? மூலப்பொருள் மட்டும் ஏறக்குறைய 51 ரூபாய். பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

40 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்க யார் வருவார்கள் என்கிறீர்களா? இங்கே புனேயில் நான் சாப்பிடும் மெஸ்ஸை நடத்துபவர் திருநெல்வேலிக்காரர். அவரிடம் கேட்டேன்.

"கறுத்த எண்ணெயச் சாக்கடையிலயா ஊத்த முடியும் தம்பி? ராத்திரி பத்து மணிக்கு டின்னோட ஒருத்தன் வருவான். காசக் கையில வச்சிட்டு எடுத்துட்டுப் போவான். எங்க போகுதுன்னு நான் கேக்குறதில்ல."

"பயோடீசல்காரங்க வரலையா அண்ணாச்சி?"

"வந்தாங்க. பில்லு, சர்டிபிகேட்டு எல்லாம் தர்றாங்க. ஆனா லிட்டருக்கு அஞ்சு ரூவா கம்மி."

அந்த அஞ்சு ரூபாயில்தான் எல்லாம் இருக்கிறது. டின்காரரிடம் வாங்குகிறவர் இன்னும் சின்னக் கடைக்காரர். புது எண்ணெய் வாங்க வசதியில்லாமல் இதில் வடையும் சமோசாவும் போடுகிறவர். அவருக்கு 50 ரூபாய் கொடுத்தாலும் லாபம். 2021-ல் சமையல் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோது அவருடைய தேவை இன்னும் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. அறிவித்த விலையோ மூன்று வருடத்துக்கும் சேர்த்து மூன்றரை ரூபாய்தான் ஏறியது. பயோடீசல் ஆலைக்கு உண்மையான போட்டி டீசல் இல்லை, தெருமுனை வாணலி!

ஐரோப்பாவில் இதைச் சட்டத்தால் சமாளித்தார்கள். 2009 விதிப்படி, கழிவிலிருந்து செய்த எரிபொருளை இலக்கில் இரண்டு மடங்காகக் கணக்குக் காட்டலாம். பழைய எண்ணெய்க்கு அங்கே மவுசு வந்தது அதனால்தான். இங்கே எண்ணெய் நிறுவனங்களுக்கு விற்கும் பயோடீசல் மீதான ஜி.எஸ்.டி.யை 2021-ல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதே வருடம் மே மாதம் டெல்லி டிக்ரி கலான் கிடங்கிலிருந்து, பழைய எண்ணெயில் செய்த பயோடீசல் கலந்த முதல் லாரி கிளம்பியது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் 2030-க்குள் 5 சதவீதம் என்ற இலக்கில் 2023 வரை ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

சுத்தமான காற்று, அந்நியச் செலாவணி மிச்சம் என்றெல்லாம் பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஆலைக்குப் போகும் ஒவ்வொரு டின்னும் ஒரு கூலித் தொழிலாளியின் தட்டுக்குப் போகாத டின். டீசலாகப் பார்த்தால் அந்த அஞ்சு ரூபாய் நஷ்டக் கணக்கு. ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு. அதை அரசு கொடுக்குமா, அண்ணாச்சி விட்டுக்கொடுப்பாரா, இல்லை சாப்பாட்டு விலையில் அம்பது காசு கூட வைத்து நாம் கொடுப்போமா?

உங்கள் ஊர் மெஸ்ஸில் அந்த டின் எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.