பதக்கமும் பட்டியலும்: 1990ஆம் ஆண்டை வாசித்தல்

நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு மேடையிலிருந்து இறங்குவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. இன்று நான் அதைச் செய்யப்போவதில்லை. இறந்துபோன ஒருவரை அரசு எப்போது நினைக்கிறது, யார் நினைக்க வைக்கிறார்கள் என்பதைத் தேதிகளோடு பார்க்க விரும்புகிறேன். அதற்காக அண்ணல் அம்பேத்கருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்ட 1990ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன்.

பாரத ரத்னா நிறுவப்பட்டது 1954 ஜனவரி 2ஆம் தேதி. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்ட அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, படைத்துறை, கல்வி சார்ந்த தகுதிகளைத் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. வெள்ளையர் காலத்து ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களுக்கு வைக்கப்பட்ட முற்றுப்புள்ளி அது. (அந்தப் பட்டங்களை எளிதாகக் கேலி செய்துவிட எனக்கு மனம் வருவதில்லை. நம் எம்.சி. ராஜா ராவ் பகதூராக இருந்தார், ரெட்டைமலை சீனிவாசன் திவான் பகதூராக இருந்தார். பெயர் சொல்லி ‘டேய்’ என்று அழைக்கப்பட்ட மக்களிலிருந்து வந்த ஒருவரின் பெயருக்கு முன்னால் அரசு ஒரு சொல்லைச் சேர்த்தபோது, அதற்கு வேறொரு பொருளும் இருந்தது.) பாரத ரத்னா பட்டமா, விருதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இது பட்டமல்ல, ஆகவே செல்லும். ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

முதல் ஆண்டில் மூவருக்குக் கொடுத்தார்கள். ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். மூவரும் அன்றைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள், மூவரும் பிராமணர்கள். அவர்களுடைய திறமையைப் பற்றி எனக்குக் கேள்வியில்லை. திறமை என்று தேடத் தொடங்கியதும் புதிய குடியரசின் கண் முதலில் எங்கே போய் நின்றது என்பதுதான் கேள்வி.

அதே 1954இல் அம்பேத்கர் என்ன செய்துகொண்டிருந்தார்? பண்டாரா இடைத்தேர்தலில் நின்று காங்கிரஸிடம் தோற்றார். 1952இல் வடக்கு பம்பாயிலும் அதே தோல்விதான். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதை ஒட்டி 1951இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்தவர் அவர். கொலம்பியா பல்கலைக்கழகம் 1952இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மறு ஆண்டு உஸ்மானியா பல்கலைக்கழகம் கொடுத்தது. நியூயார்க்கிற்கும் ஐதராபாத்துக்கும் தெரிந்தது டெல்லிக்குத் தெரியாமல் போனதா என்று கேட்கலாம். நன்றாகவே தெரியும். ஆட்சியை விட்டு வெளியேறி, ஆட்சியை எதிர்த்துக்கொண்டிருந்த ஒருவரை மாலை போட்டு அழைக்கும் தேவை அன்றைய ஆட்சிக்கு இல்லை.

1956 டிசம்பர் 6ஆம் தேதி அவர் மறைந்தார். அதற்குப் பிறகு ஏன் கொடுக்கவில்லை? மறைந்தவர்களுக்குக் கொடுக்க விதியில்லை என்று சிலர் சொல்வதுண்டு. 1954இல் அப்படித்தான் இருந்தது. 1955 ஜனவரியிலேயே விதியைத் திருத்தி மறைந்தவர்களுக்கும் கொடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே அவர் இறந்த நாளில் கதவு திறந்துதான் இருந்தது.

அந்தக் கதவு வழியாக அவருக்கு முன்னால் போனவர்கள் நான்கு பேர். லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரியில் இறந்தார், அதே ஆண்டில் விருது. காமராசர் 1975 அக்டோபரில் மறைந்தார், 1976இல் விருது. வினோபா பாவே 1982 நவம்பரில், விருது 1983இல். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில், விருது 1988இல். நால்வருக்கும் துக்கத்தின் ஈரம் காய்வதற்குள் கிடைத்துவிட்டது. இதில் அரசியல் கணக்கும் உண்டு. எம்.ஜி.ஆருக்குக் கொடுத்த மறு ஆண்டு தொடக்கத்தில் தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது என்பதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு பொது விதி தெரிகிறது: அரசு யாருக்காக அழுததோ அவருக்கு உடனே கொடுத்தது. அம்பேத்கருக்காகத் தாதரில் அழுதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் கையில் அரசு இல்லை. 33 ஆண்டுகளும் ஏறத்தாழ நான்கு மாதங்களும் ஆயின. அதற்குள் 21 பேர் விருது பெற்றுவிட்டிருந்தனர்.

அந்த 21 பேரில் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1963இல் விருது பெற்ற பி.வி. காணே, தர்மசாஸ்திரங்களின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய மாபெரும் அறிஞர். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். பழங்காலப் பிராமணர்கள் மாட்டிறைச்சி உண்டார்கள் என்று நிறுவ, ‘தீண்டப்படாதவர்கள்’ என்ற 1948ஆம் ஆண்டு நூலில் அம்பேத்கரே காணேயைத்தான் சான்றுக்கு அழைக்கிறார். ஆனால் வரிசையைப் பாருங்கள். மனுவின் மரபை ஆராய்ந்து தொகுத்தவருக்கு 1963. மகாத்தில் 1927 டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியைக் கொளுத்தியவருக்கு 1990. இடையில் 27 ஆண்டுகள்.

1990இல் திடீரென்று என்ன நடந்தது? வி.பி. சிங்கின் நல்ல மனம் என்று ஒரு கதை உண்டு. அவருக்குரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அம்பேத்கர் படத்தைத் திறந்து வைத்தவரும் அவர்தான். ஆனால் அந்த ஆண்டைத் தயார் செய்தவர்கள் வேறு. 1972இல் தலித் சிறுத்தைகள் இயக்கம் பம்பாயில் தோன்றியது. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்க மகாராஷ்டிரச் சட்டமன்றம் 1978இல் தீர்மானம் போட்டதும் சேரிகள் கொளுத்தப்பட்டன. அண்ணலின் ‘இந்துமதத்தின் புதிர்கள்’ நூலை மகாராஷ்டிர அரசு 1987இல் வெளியிட்டதும் அதை எதிர்த்துச் சிவசேனை இறங்கியது. 1988 பிப்ரவரியில் தலித் மக்கள் பம்பாய்த் தெருக்களை நிறைத்தார்கள். நூல் நின்றது, அரசுக்கு இக்கருத்துகளில் உடன்பாடில்லை என்ற குறிப்போடு. வடக்கே கான்ஷிராம் 1984இல் தொடங்கிய பகுஜன் சமாஜ் கட்சி 1989இல் மக்களவைக்குள் நுழைந்தது. இத்தனைக்கும் பிறகுதான் டெல்லிக்கு நினைவு வந்தது.

1990 ஏப்ரல் 14 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனிடமிருந்து சவிதா அம்பேத்கர் விருதைப் பெற்றுக்கொண்டார். அண்ணலின் மறைவுக்குப் பிறகு நம்மவர்கள் பலராலேயே சந்தேகத்தோடு பார்க்கப்பட்டு, பல்லாண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தவர் அந்த அம்மையார். அரச மரத்து இலை வடிவில் செய்யப்பட்ட பதக்கம் அது. போதி மரத்தின் இலை என்று நாக்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. பதக்கம் வந்த பிறகும் மராத்வாடாவில் பெயர்ப்பலகை மாற 1994 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாணவத் தோழர்கள் இப்போது நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதே 1990இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சிறிய திருத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாம் பத்தி என்று ஒன்று இருக்கிறது. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் சாரம். 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய லட்சக்கணக்கானோர் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே போனார்கள். மகாராஷ்டிர அரசு தன் அளவில் சில சலுகைகளைத் தந்தது. மத்திய அரசின் பட்டியலில் 34 ஆண்டுகள் அவர்களுக்கு இடமில்லை. அண்ணலைக் காத்திருக்க வைத்த அதே காலம் அவர் பின்னே சென்ற மக்களையும் காத்திருக்க வைத்தது. 1990இல்தான் ‘பௌத்தர்’ என்ற சொல் மூன்றாம் பத்திக்குள் வந்தது. பதக்கம் ஒருவருடைய குடும்பத்தின் கைக்குப் போனது. இந்தச் சொல் கல்லூரி விண்ணப்பத்தில், வேலை நேர்காணலில், தனித்தொகுதி வேட்புமனுவில் போய் உட்கார்ந்தது.

நம் அமைப்புகள் பலவற்றில் தீர்மானம் போடுகிறோம்: ஜோதிராவ் புலேவுக்குப் பாரத ரத்னா, சாவித்ரிபாய்க்கு, பெரியாருக்கு, கான்ஷிராமுக்கு. கேட்பவர்களின் உணர்வை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்த அரங்கில் மறுப்பவர்கள் இருப்பார்கள். தனிமனித வழிபாடு அரசியலில் சர்வாதிகாரத்துக்கு வழி என்று 1949 நவம்பரில் அரசமைப்பு அவையில் எச்சரித்தவர் அம்பேத்கர். அவர் பெயரால் இயங்கும் நாம், அரசின் கையிலிருந்து இன்னொரு பதக்கத்தைக் கேட்பதில் ஆற்றலைச் செலவிட வேண்டாம். 1990இன் பாதி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தப் பாக்கி மூன்றாம் பத்தியில்தான் கிடக்கிறது. கிறித்தவரான பறையரும் பள்ளரும் அருந்ததியரும், இசுலாத்துக்குப் போன தலித்துகளும் இன்றும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் கிறித்தவ தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லறையில் சாதிச் சுவர் நிற்கிறது, சான்றிதழில் சாதி இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. அந்தப் பத்தியை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2004இலிருந்தே உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 2022இல் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள்.

இங்கே வந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஞானஸ்நானத்துக்குப் பிறகு சாதிச் சான்றிதழ் மாற்றி எழுதப்பட்டவர்கள் உங்கள் ஊரில், பங்கில், உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். எந்த ஆண்டில் மாறியது, எந்த வேலை போனது, எந்த வழக்கு பதிவாகாமல் திருப்பி அனுப்பப்பட்டது என்று அவர்களிடம் கேட்டு, தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு இதே அரங்கில் நான் பேச வேண்டாம், அந்தக் குறிப்பேடுகளை நீங்கள் வாசியுங்கள்.