17 கொண்டை ஊசியும் ஒரு மவுஸும்

போடியில இருந்து போடிமெட்டுக்கு ஜீப்புல ஏறியிருக்கீங்களா? மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. காய் எடுக்கப் போற ஆட்களை ஏத்திக்கிட்டு விடியக்காலையில மேல போற டிரைவர், ஒரு தடவைகூட கியர் கம்பியைக் குனிஞ்சு பார்க்க மாட்டார். ரெண்டாவது கியர் எந்தப் பக்கம்னு கைக்குத் தெரியும். கண்ணுக்கு வேலை ரோட்டுல மட்டும்தான்.

கம்ப்யூட்டர்ல படம் வரையுறவனுக்கும் இந்த வசதி வேணும்னு அறுபது வருஷமா யோசிச்சிருக்காங்க. அதுதான் மவுஸ் சைகை. பட்டனை அமுக்கிக்கிட்டு ஒரு பக்கமா இழுத்தா கட்டளை முடிஞ்சது. மெனுவைத் தேடி ஓட வேண்டாம்.

இது மவுஸுக்கும் மூத்த சமாச்சாரம். 1963-ல எம்.ஐ.டி.யில ஐவன் சதர்லேண்ட் செஞ்ச ஸ்கெட்ச்பேட்ல, ஒளிப்பேனாவை வெடுக்குனு ஒரு சுண்டு சுண்டினா 'கோடு போட்டது போதும்'னு அர்த்தம். அறுபதுகளின் கடைசியில ராண்ட் நிறுவனத்தோட கிரெய்ல்ல, ஒரு கட்டத்து மேல கிறுக்கினா அது அழிஞ்சிடும். 1968 டிசம்பர்ல டக்ளஸ் எங்கல்பர்ட் மவுஸை ஊருக்குக் காட்டினார். அப்புறம் மெனுக்கள் வந்து, கை திரையோட உச்சிக்கும் படத்துக்குமா நடையா நடந்தது.

1988-ல வட்ட மெனுவைச் சோதிச்சுப் பார்த்தாங்க. எட்டு கட்டளைகளை வரிசையா அடுக்குறதைவிட வட்டமா வெச்சா சுமார் 15 சதவீதம் வேகம். அதுக்கு அடுத்த படி, டொரண்டோ பல்கலைக்கழகத்துல கார்டன் கர்ட்டன்பாக் 1993-ல முடிச்ச ஆய்வு. அமுக்கிட்டு ஒரு நொடியில மூணுல ஒரு பங்கு நேரம் காத்திருந்தா வட்டம் தெரியும், பார்த்து இழுக்கலாம். பழகினவன் காத்திருக்காம இழுப்பான், வட்டமே வராது. ரெண்டு பேரோட கையும் செய்யுறது ஒரே அசைவுதான். அதாவது, புதுசா வந்தவன் தட்டுத்தடுமாறி செய்யுற ஒவ்வொரு தடவையும் பழகினவனோட வேகத்துக்கான ஒத்திகை. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

1998-ல மாயா மென்பொருள்ல இந்த வகை மெனு வந்துச்சு. 2001-ல ஓபரா பிரவுசர்ல சைகை வந்துச்சு. எங்க பட்டறைக்குள்ள நுழைஞ்சது சாலிட்வொர்க்ஸ் 2010 பதிப்போட.

இப்ப கொசுவத்தி :-) ஏலக்காய் ஸ்டோருக்கான டிரையர் தட்டு, ஃபிரேம் வரையுறது என் வேலை. பறிச்ச காயில 80 சதவீதம் ஈரம் இருக்கும், அதை 10-12 சதவீதத்துக்கு இறக்கணும். சீசன்ல டிரையர் நின்னா காய் வீணாகிடும், அதனால படத்தை ராத்திரியோட ராத்திரியா கேப்பாங்க. உதவிக்கு ஒரு தம்பி இருந்தான். தமிழ் மீடியம், பத்தாவதோட நின்னவன். ஒவ்வொரு கட்டளைக்கும் நேரம் எடுத்துக்குவான். "மந்தமா இருக்கியேடா"ன்னு நானும் நாலு தடவை கத்தியிருக்கேன்.

ஒரு நாள் பக்கத்துல உக்காந்தப்பதான் கவனிச்சேன். அவன் உதடு அசையுது. மெனுவுல இருக்குற இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்! கீபோர்டு ஷார்ட்கட்டும் இங்கிலீஷ் முதலெழுத்துதானே. அவன் மந்தம் இல்ல, நான்தான் குருடு.

அன்னைக்கே ரெண்டு பேருமா எட்டு திசைக்கு எட்டு கட்டளை வெச்சோம். மேல இழுத்தா அளவு, இடப்பக்கம் கோடு, வலப்பக்கம் செவ்வகம்... எழுத்தே வேண்டாம். ரெண்டே வாரத்துல என்னைத் தாண்டிட்டான்.

இதுல குறையும் உண்டு. திசை எட்டுக்கு மேல போனா கை பிசகும். அவனவன் வசதிக்கு மாத்தி வெச்சுக்கிறதால அடுத்தவன் மெஷின்ல உக்காந்தா கை தடுமாறும். கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சுக் கிளம்பறப்ப அந்தத் தம்பி கேட்டது ஒண்ணுதான்: "அண்ணே, அந்த செட்டிங்ஸ் ஃபைலை பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க."

குடுத்தேன். அவன்கிட்ட கத்தினதுக்கு மன்னிப்பு மட்டும் கேக்கல. அதான் இந்தப் பதிவு.

உங்க கை எதையெல்லாம் கண்ணு பார்க்காமலே செய்யுதுன்னு நீங்களும் எழுதுங்களேன்.