சூரியனின் எல்லையும் அதனை வரைந்த அணுக்களும்

ஒரு தேசத்தின் எல்லையை வரைவோர் அவ்வெல்லைக்குச் சென்று வந்தோரின் கூற்றை முதற்சான்றாகக் கொள்வது வழக்கம். ஆயின், சென்று சேர்தற்கு அரியதும் கண்ணாற் காணவியலாததுமான ஓர் எல்லையை எங்ஙனம் வரைவது? சூரியனின் ஆதிக்கம் முடிவுற்று விண்மீனிடைவெளி தொடங்கும் எல்லை பற்றிய வினா இத்தகையதே. இவ்வினாவுக்கு விடை தேடப்பட்ட வரலாறு வானியலாருக்கு மட்டுமன்றி, சான்று என்பது யாது என ஆராயும் வரலாற்று மாணவருக்கும் பயன் தருவதாகும்.

1951 ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞரான லுட்விக் பியர்மான், வால்வெள்ளிகளின் அயன் வால் சூரியனுக்கு எதிர்த்திசையிலே நீண்டிருத்தலை ஆராய்ந்து, சூரியனிலிருந்து துணிக்கைகள் இடையறாது வெளியேறுதல் வேண்டும் எனத் துணிந்தார். 1958 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயூஜீன் பாக்கர் அத்துணிக்கைப் பெருக்கைக் கணித முறையால் விளக்கிக் கட்டுரை எழுதினார். சூரியக் காற்று என இன்று வழங்குவது அதுவே. கட்டுரையைப் பரிசீலித்த அறிஞர் இருவரும் அதனை நிராகரித்தனர். அப்பொழுது அச்சஞ்சிகையின் ஆசிரியராக விளங்கியவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர். பாக்கரின் முடிபு அவருக்கும் உவப்பானதன்று. எனினும் கணிதத்திலே பிழையெதுவும் காட்டப்படாமையால் அவர் கட்டுரையைப் பிரசுரித்தார். 1962 இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம் சூரியக் காற்றை ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படுத்தியது.

இக்காற்று கோள்களுக்கு அப்பாலும் விரிந்து, விண்மீனிடைவெளியிலுள்ள வாயுவைத் தள்ளி, பெருங்குமிழி போன்றதொரு மண்டலத்தை அமைக்கின்றது. ஹீலியோஸ்பியர் எனப்படும் அதனைச் சூரியக் காற்று மண்டலம் எனலாம். அதன் வெளிப்புறத்தே முதலில் காற்றின் வேகம் திடீரெனக் குறையும் அதிர்ச்சி எல்லையும், அடுத்து வெப்பமுற்ற உறைப்பகுதியும், ஈற்றிற் புற எல்லையும் அமைந்துள்ளன. 1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்கள் இவற்றை நேரிற் கண்டன. வொயேஜர் 1, சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரத்தைப் போல் 94 மடங்கு தொலைவில், 2004 டிசெம்பரில் அதிர்ச்சி எல்லையைக் கடந்தது. ஏறத்தாழ 122 மடங்கு தொலைவில், 2012 ஓகஸ்டில் புற எல்லையையும் கடந்தது. வொயேஜர் 2 இவ்வெல்லைகளை முறையே 2007 இலும் 2018 இலும் கடந்தது. இவை பெறுமதி மிக்க சாட்சியங்கள். ஆயினும் பெருங்கடலின் கரையை இரண்டு இடங்களில் மட்டும் தொட்ட மாலுமிகளின் கூற்றைக் கொண்டு முழுக்கரையையும் வரைதல் இயலாது.

முழுமையான படத்துக்கு வேண்டிய சான்றைச் சக்தி மிக்க நடுநிலை அணுக்கள் வழங்கின. விண்மீனிடைவெளியிலிருந்து குளிர்ந்த நடுநிலை அணுக்கள் இம்மண்டலத்தினுள் தடையின்றிப் புகுகின்றன. விரைந்து செல்லும் புரோத்தன் ஒன்று அத்தகைய அணுவிடமிருந்து இலத்திரனைக் கவர்ந்துகொள்ளின், அப்புரோத்தனும் நடுநிலை அணுவாகின்றது. ஏற்றம் இழந்தமையால் காந்தப்புலம் அதனை வளைக்கவியலாது; மாற்றம் நிகழ்ந்த கணத்திற் கொண்டிருந்த திசையிலேயே அது ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்லும். அவ்வாறு உள்நோக்கி வருவனவற்றைத் திசைவாரியாக எண்ணின், அவை புறப்பட்ட பகுதிகளின் படம் கிடைக்கும். 1000 இலத்திரன் வோல்ற்று சக்தியுடைய ஐதரசன் அணு செக்கனுக்கு ஏறத்தாழ 440 கிலோமீற்றர் வேகத்திற் சென்றபோதும், அவ்வெல்லையிலிருந்து எம்மை வந்தடைய ஓராண்டுக்கு மேலாகும்.

இவ்வணுக்களைக் கொண்டு எல்லையைப் படமாக்குதற்கென்றே நாசா நிறுவனம் 2008 ஒக்டோபரில் ஐபெக்ஸ் என்னும் சிறு விண்கலத்தை ஏவியது. டேவிட் மக்கோமஸ் தலைமையிலான ஆய்வுக்குழு 2009 இல் முதலாவது முழுவான் படத்தை வெளியிட்டது. வானத்தின் குறுக்கே சுற்றயலிலும் இரண்டு மூன்று மடங்கு பிரகாசமான குறுகிய நாடா ஒன்று அதில் வளைந்து சென்றது. முன்னர் வகுக்கப்பட்ட கோட்பாடு எதுவும் அதனை எதிர்வுகூறியிருக்கவில்லை. வொயேஜர் விண்கலங்கள் இரண்டும் சென்ற திசைகளுக்கு இடையே அந்நாடா அமைந்திருந்தமையால் அவையும் அதனை அறிந்தில. விண்மீனிடைக் காந்தப்புலம் எமது பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாக அமையும் திசைகளிலேயே அது தோன்றுகின்றது எனப் பின்னர் உணரப்பட்டது. சூரியக் காற்றிலிருந்து நடுநிலையாகி வெளியேறும் அணுக்கள் எல்லைக்கு அப்பால் மீண்டும் ஏற்றம் பெற்று, அக்காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று, திரும்பவும் நடுநிலையுற்று வருகின்றன என்னும் விளக்கமே இன்று பெரிதும் ஏற்கப்படுகின்றது.

இம்மண்டலத்தின் முழு வடிவம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. வால்வெள்ளி போன்று நீண்ட வாலுடையது என்பது பழைய கருத்து. சனிக் கோளைச் சுற்றிய கசினி விண்கலம் உயர்ந்த சக்தியுடைய அணுக்களைக் கொண்டு பெற்ற படங்களை ஆதாரமாக்கி, அது உருண்டையான குமிழியே என 2017 இல் ஒரு சாரார் வாதிட்டனர். 2021 இல் வெளியான ஐபெக்ஸ் ஆய்வோ, வாற்புறம் முற்கூறிய அலகில் 350 மடங்கு தொலைவுக்கேனும் நீள்கின்றது எனக் கூறியது. இவ்வாராய்ச்சியைத் தொடர்வதற்காக 2025 செப்ரெம்பரில் ஐமாப் என்னும் புதிய விண்கலம் ஏவப்பட்டது.

வொயேஜரின் அளவீடுகள் இன்றி அணுக்கள் வந்த தூரத்தைச் சரிபார்த்தல் அரிது. அணுக்கள் இன்றேல் அவ்வளவீடுகளுக்கு இடைப்பட்ட பெருவெளி வெறுமையாகவே இருந்திருக்கும். இருவகைச் சான்றுகளும் இங்ஙனம் ஒன்றையொன்று நிறைவு செய்தன. எனினும் இவ்வரலாற்றிலே முதன்மையாக நோக்கற்பாலது அறிஞரின் மனப்பாங்கேயாகும். தமக்கு உடன்பாடற்ற கட்டுரையைச் சந்திரசேகர் அச்சேற்றினார். தம் கோட்பாடுகளுக்குப் பொருந்தாத நாடாவை ஐபெக்ஸ் ஆய்வாளர் மறைக்காது முன்வைத்தனர். எமது பல்கலைக்கழகங்களில் எத்துறையைப் பயில்வோரும், ஒரு முடிபை விரும்பாமைக்கும் அதனைப் பிழையென நிறுவுதற்கும் இடையேயுள்ள இவ்வேறுபாட்டை மனங்கொள்வார்களாயின், அவர்தம் ஆய்வு சிறக்கும் என்பதில் ஐயமில்லை.