காசும் கேஷும்

போவன்பள்ளியில் என் பாத்திரக் கடையில் பில் போடும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கேஷா, ஃபோன்பேயா?" இந்த 'கேஷ்' நம்ம 'காசு'தான், வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது என்று சங்கத்துப் பொங்கல் விழா மேடையில் பேசி நானே கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அப்புறம் அகராதிகளைப் புரட்டிப் பார்த்தேன். நான் சொன்னதில் பாதிதான் சரி. அந்தக் கைதட்டலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் அதைத் தீர்த்துவிடுகிறேன்.

இங்கிலீஷில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒலி ஒன்று, குலம் வேறு. ரொக்கம் என்ற பொருளில் உலகமே சொல்லுகிற 'கேஷ்' லத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்ஸா'விலிருந்து, இத்தாலியின் 'காஸ்ஸா', பிரெஞ்சின் 'கேஸ்' வழியாக வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அது இங்கிலீஷில் பணப்பெட்டியையே குறித்தது. பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. நம்ம 'கல்லா' போலத்தான். கல்லா என்பது பெட்டி, ஆனால் "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்றால் யாரும் பெட்டியின் நீள அகலத்தைச் சொல்வதில்லை. பணத்தை வாங்கி வைக்கிற 'கேஷியர்' இந்தக் குடும்பம். கன்டோன்மென்ட் பக்கம் ஓர் அதிகாரியை 'கேஷியர்' பண்ணிவிட்டார்கள் என்றால் வேலையை விட்டுத் துரத்தினார்கள் என்று பொருள். அது டச்சு மொழி வழியாக வந்த வேறொரு சொல்.

இரண்டாவது 'கேஷ்'தான் நம்முடையது. காசை போர்ச்சுகீசியர் 'காய்ஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் அதே ஒலியில் பெட்டிக்கு ஒரு சொல் இருந்தது வசதியாகப் போயிற்று. அதை இங்கிலீஷ்காரர் 'கேஷ்' ஆக்கி, கீழ்த்திசைச் சில்லறை நாணயங்களுக்கெல்லாம் பெயராக வைத்தார்கள். சீனாவின் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசுக்கும் இதே பெயர்தான். நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்லுகிறார்கள்.

சென்னைக் கோட்டையில் கம்பெனிக்காரன் வைத்த கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. இந்தக் கணக்கைப் போட்ட குமாஸ்தாக்களை நினைத்தால் எனக்கு இரக்கமாக இருக்கிறது. 1818-ல் ரூபாய்க் கணக்கு வந்து அவர்களை விடுவித்தது. திருவிதாங்கூரில் மட்டும் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று, 1949-ல் அந்தச் சமஸ்தானம் கொச்சியோடு இணைகிற வரை காசு உயிரோடு இருந்தது.

காசு என்ற சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியில் எடையைக் குறிக்கும் 'கர்ஷ'த்திலிருந்து என்பார் ஒரு சாரார். திராவிடச் சொல்லே என்பார் மறு சாரார். நான் தீர்ப்புச் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் பழமைக்குச் சாட்சி உண்டு. வேப்பம்பழத்தை அலகில் கவ்விய கிளியை, பொற்காசை நூலில் கோக்கிறவன் விரலுக்கு ஒப்பிடுகிறது ஒரு குறுந்தொகைப் பாட்டு. அங்கே காசு என்பது மாலையில் கோக்கிற பொன்மணி. நம் வீட்டுப் பெண்களின் காசுமாலையும், இங்குள்ள தெலுங்குப் பெண்களின் 'காசுலபேரு'வும் அதே வழிவந்தவை. ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு வந்த காசை வட்டிக்கு விட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன: காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்றைய வட்டிக்கடைக்காரர் கவனிக்கவும்!

திருவீழிமிழலையில் அப்பருக்கு நல்ல காசும் சம்பந்தருக்கு வட்டம் கொடுத்து மாற்ற வேண்டிய காசும் கிடைத்ததாகக் கதை. அந்த வட்டத்துக்கு 'வாசி' என்று பெயர். சம்பந்தர் எங்கள் சமணரோடு வாது செய்தவர்தான். இருந்தாலும், வாசி தீர்த்துக் காசு கேட்டதில் அவர் எங்களைப் போன்ற வியாபாரிகள் பக்கம். எங்கள் அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகை எழுதினார்; வெண்பாவின் கடைசிச் சீருக்கு இலக்கணம் வகுத்த நான்கு வாய்பாட்டில் 'காசு'ம் ஒன்று.

என்னிடம் 1808-ஆம் வருஷத்து இருபது காசுச் செப்பு நாணயம் ஒன்று இருக்கிறது. பர்மிங்ஹாம் பக்கத்தில் சோஹோ ஆலையில் அச்சானது. இதே வகை நாணயங்களை டன் கணக்கில் ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையோரமே முழுகிப் போயிற்று. என் நாணயத்தின் ஒரு பக்கம் பாரசீக எழுத்தில் "இருபது காசு நான்கு ஃபலூஸ்" என்று எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் அடித்த நாணயத்தில், பாரசீக எழுத்துக்குள், நம்ம காசு. அடுத்த பொங்கல் விழாவுக்கு எடுத்து வருகிறேன். பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்க்கட்டும்.